நகுலேஸ்வரி விட்டுப்போன பின்னேரம்

தில்லைநாதன் வீட்டுக் கராஜுக்குள் ஓர் ஆகஸ்ட் மாதத்துப் பின்னேரம் அகப்பட்டு நின்ற அந்தக் குளிர்காலத்தில்தான் ஸ்காபரோவில் அந்தத் தெருச்சனம் ஜனவரி மாதத்தில் மோர்மிளகாய் காயப்போட்டது, மஞ்சள் பூத்துப் பிறந்த ஒரு பச்சைக்குழந்தை வெயிலில் கிடந்து நிறம் மாறியது, மகாதேவா மாஸ்ரரின் முழங்கால் பத்து வருஷத்துக்குப் பிறகு மடங்கியது. இதெல்லாம் அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். அந்தப் பின்னேரம் எப்படி உள்ளே வந்தது என்று கேட்டால் மட்டும், "அது அந்த மனுசன் கதவைப் பூட்டினபடியால் வந்தது, வேற என்ன" என்பார்கள். அதுக்கு மேல் அவர்களுக்கும் தெரியாது, கேட்டு என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டார்கள்.

தில்லைநாதன் மணவறை செய்கிறவர். ரெஜிபோம் என்கிற பாரமில்லாத வெள்ளை நுரை அட்டையை வெட்டி, செதுக்கி, ஒட்டி, பொன்னிற மை பூசி, அன்னம், மயில், தாமரை, தூண், விதானம் என்று என்ன கேட்டாலும் செய்வார். ஒரு மணவறையில் மாப்பிள்ளை பொம்பிளையை விட அவருடைய யானைகளைத்தான் சனம் அதிகம் படமெடுக்கும். ஆள் உயரத்தில் இரண்டு யானை, தும்பிக்கை தூக்கினபடி. கோடை முழுக்கக் கலியாணம், குளிர் முழுக்க அதுக்கான வேலை. வேலை நடக்கிறதோ ஒரு கார் மட்டும் நிற்கக்கூடிய வீட்டுக் கராஜில். பத்துப் பாகைக்குக் கீழே போனால் பசை தயிராகிவிடும், பொன் மை பூசின கையோடு வெடிக்கும். ஆகவே பத்தொன்பது வருஷமாக அந்த மனுசன் அந்தக் கராஜைச் சூடாக்கப் படாத பாடில்லை. கரண்ட் ஹீற்றர் போட்டார், வீடு முழுக்கப் பியூஸ் போனது. காஸ் ஹீற்றர் வாங்கிவந்தார், "கதவைப் பூட்டிக்கொண்டு உதைக் கொளுத்தினா நித்திரை மாதிரித்தான் இருக்கும், பிறகு எழும்பமாட்டீங்கள்" என்று மனைவி அதைத் திருப்பிக் கொடுக்கவைத்தாள். மிஞ்சின ரெஜிபோமைப் பெரிய கதவில் உள்பக்கமாக ஒட்டினார், கதவின் அடியில் பழைய போர்வைகளைச் சுருட்டி அடைத்தார், கடைசியில் உடுப்புக் காயவைக்கிற மெஷினின் சூட்டுக் குழாயைக் கழற்றிக் கராஜுக்குள் திருப்பிவிட்டார். அதுக்குப் பிறகு அவருடைய யானைகள் தோய்த்த துவாய் மணத்தோடுதான் கலியாண வீடுகளுக்குப் போய்வந்தன.

கராஜுக்குள் யானை நின்றால் கார் எங்கே நிற்கும்? வெளியில்தான், பனிக்குள். அந்தக் காரை ஓட்டுகிறவள் நகுலேஸ்வரி, தில்லைநாதனின் மனைவி, முதியோர் இல்லத்துக் குசினியில் காலை ஆறு மணிக்கு வேலை தொடங்குகிறவள். பத்தொன்பது குளிர்காலம், விடியற்காலை ஐந்து மணிக்கு, கண்ணாடியில் விரல் தடிப்புக்கு உறைந்த ஐஸைச் சுரண்டிச் சுரண்டி, பூட்டுக்குள் சுடுதண்ணி ஊற்றி, கைவிரல் விறைத்துப்போய்த்தான் அவள் வேலைக்குப் போனாள். சுவருக்கு அந்தப் பக்கம் யானைகள் போர்வை மூடிக்கொண்டு நின்றன. "உங்கட மூத்தவனும் இளையவனும் நல்ல நித்திரை போல" என்று அவள் யானைகளைப் பற்றிக் கேட்பது தொடக்கத்தில் பகிடியாகத்தான் இருந்தது. பகிடி எந்த வருஷம் பகிடியில்லாமல் போனது என்று தில்லைநாதன் கவனிக்கவில்லை. ஆண்களுக்கு அது கவனத்தில் வருகிற நேரம் சூட்கேஸ் கட்டி முடிந்திருக்கும்.

அந்த ஆகஸ்ட் மாதத்துப் பின்னேரமும் அப்படித்தான். அவர் கராஜில் பெரிய கதவைத் திறந்துவைத்துக்கொண்டு அன்னத்தின் கழுத்தைச் செதுக்கிக்கொண்டிருந்தார். அவள் தேத்தண்ணியோடு வந்தாள்.

"இஞ்சாருங்கோ, இந்த முறை ஸ்னோ விழ முன்னம் கராஜை எனக்குத் தாங்கோ. எனக்கும் அம்பத்தெட்டு வயசாகுது. கை ஏலாது."

"அஞ்சு கலியாணத்துக்கு ஓர்டர் எடுத்துப்போட்டனப்பா. இதுகளை எங்க கொண்டுபோய் விடுறது?"

"அப்ப என்னை எங்கயும் கொண்டுபோய் விடலாம்."

"நீர் சும்மா சின்ன விசயத்தைப் பெரிசாக்கிறீர். பனியெண்டாப் பனிதானே, ஊர் உலகத்தில எல்லாரும் சுரண்டாமலே இருக்கினம்?"

அவள் தேத்தண்ணியை ஐஸ்பெட்டி மூடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். பத்து நிமிஷத்தில் சூட்கேஸோடு வந்தாள். மொன்றியலில் தங்கச்சி சாரதா வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள். ஆறு மாதம் சம்பளமில்லாத லீவு அவள் போன கிழமையே கேட்டு எடுத்துவைத்திருந்தாள் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. "போட்டு வாறன்" என்றாள், அவருடைய முகத்தைப் பார்க்காமல். சூட்கேஸின் ஒரு சில்லு பழுது. கீச்சு, கீச்சு என்று சத்தம் போட்டபடி அது அவள் பின்னால் போனது.

அவருக்குக் கூப்பிட வேணும்போல் இருந்தது. நெஞ்சு முட்டக் கூப்பிட வேணும்போல் இருந்தது. ஆனால் பயணம் புறப்பட்ட ஆளைப் பின்னால் நின்று கூப்பிடக் கூடாது, கூப்பிட்டால் போகிற காரியம் சரிவராது, இது எங்கள் சனத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த சாத்திரம். போகிற காரியம் சரிவரக் கூடாது என்றுதானே நீ கூப்பிட வேணும் விசரா என்று அவருக்குச் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. சாத்திரம் என்பது ரோசக்காரருக்கு நல்ல வசதி. அவர் சுவரில் இருந்த பொத்தானை அமுக்கினார், பெரிய கதவு கீழே இறங்கியது, சூட்கேஸின் சத்தம் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றது. பிறகு வீட்டுக்குள் போய்க் குசினிப் பக்கத்துச் சின்னக் கதவையும் சாத்தினார். மூன்று மாதம் அந்தப் பக்கம் போகவேயில்லை. முன்னம் செய்து மண்டபத்துக் களஞ்சியத்தில் கிடந்த சாமான்களை வைத்தே செப்டெம்பர், ஒக்டோபர் கலியாணங்களை ஒப்பேற்றினார்.

நவம்பர் கடைசியில் முதல் ஸ்னோ விழுந்தது. புது வேலை தொடங்கியே ஆக வேண்டும். ஜக்கெற், கம்பளித் தொப்பி, காலுக்கு இரண்டு சோடி மேசு எல்லாம் மாட்டிக்கொண்டு, சூட்டுக் குழாயையும் தோளில் போட்டுக்கொண்டு, சின்னக் கதவைத் திறந்து கராஜுக்குள் கால் வைத்தால், உள்ளே ஆகஸ்ட் மாதம். மணி மூன்றரை. பக்கத்து யன்னலால் வெயில் விழுந்து தரையில் ஒரு பாய் அளவுக்குக் கிடந்தது. ஓர் இலையான் இரைந்துகொண்டு அன்னத்தின் தலையில் இருந்து பறந்து மறுபடியும் வந்து இருந்தது. ஐஸ்பெட்டி மூடியில் தேத்தண்ணி ஆவி பறக்க இருந்தது. தில்லைநாதனின் மீசையில் ஒட்டியிருந்த பனி உருகி வாய்க்குள் போனது.

"அப்ப ஹீற்றர் தேவையில்லை" என்று சொல்லிக்கொண்டு அவர் ஜக்கெற்றைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வேலையைத் தொடங்கினார்.

அரை மணி நேரம் கழித்துத்தான் அந்தச் சத்தம் அவருக்குக் கேட்டது. பெரிய கதவுக்கு அந்தப் பக்கம், கீச்சு, கீச்சு. போய்க்கொண்டே இருந்தது, ஆனால் தூரப்போகவில்லை. அவர் சின்னக் கதவால் ஓடி, வீட்டைச் சுற்றி முன்பக்கம் போய்ப் பார்த்தார். அங்கே முழங்கால் அளவு ஸ்னோ, ஒரு காலடி இல்லை. திரும்பி உள்ளே வந்தார், கீச்சு, கீச்சு. அந்த மனுசன் யானையின் முதுகில் கையை வைத்துக்கொண்டு கனநேரம் நின்றார். கதவு திறபடாத வரைக்கும் நகுலா இன்னும் வாசல் தாண்டவில்லை, ஐந்து நிமிஷம்தான் ஆகிறது, ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அப்படித்தான் அவர் கணக்குப் போட்டார். அதனால் அந்தத் தேத்தண்ணியையும் அவர் தொடவில்லை. குடித்தால் முடிந்துவிடும் அல்லவா.

பக்கத்து வீட்டுப் பராசக்திக்கு இது இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. தெருவில் என்ன நடந்தாலும் அவளுக்குத் தெரியாமல் நடந்ததாகச் சரித்திரம் இல்லை. தில்லைநாதன் சாரமும் கைவைத்த பெனியனுமாகக் கராஜில் நிற்பதை யன்னலால் கண்டவள், குசினி வழியாக நேரே உள்ளே வந்து, வெயிலுக்குள் கையை நீட்டிப் பார்த்தாள், புறங்கையையும் திருப்பிப் பார்த்தாள்.

"நல்ல காய்ச்சல் வெயில் அண்ணை. ரெண்டு கிலோ மிளகாய் மோரில ஊறுது, கொண்டுவரட்டே?"

"கொண்டாரும். பெரிய கதவை மட்டும் ஒருத்தரும் துறக்கக் கூடாது, சொல்லிப்போட்டன்."

அவ்வளவுதான் பேச்சு. அடுத்த நாள் மிளகாய் வந்தது, அதுக்கடுத்த நாள் வடகம் வந்தது, பிறகு சனம் வந்தது. எதிர்வீட்டுச் சீனத்து மனுசி மிஸிஸ் லாவ் தோடம்பழத் தோலைக் கோர்த்துக் கொண்டுவந்து யானையின் தந்தத்தில் தொங்கவிட்டாள். மகாதேவா மாஸ்ரர் மடக்குக் கதிரை ஒன்றோடு வந்து, அந்த வெயில் துண்டுக்குள் இரண்டு முழங்காலையும் நீட்டிக்கொண்டு பேப்பர் வாசித்தார். வெயில் அசையாதபடியால் அவரும் அசையவில்லை, மற்றவர்களுக்கும் இடம் வேண்டும் என்று பராசக்தி நேரசூசி எழுதிக் குசினிச் சுவரில் ஒட்டினாள்: காலையில் மிளகாய், பகலில் முழங்கால், பின்னேரம் ஈர உடுப்பு. மூலைவீட்டுப் பிள்ளைப்பெற்ற பெண், மஞ்சள் நிறமாகக் கிடந்த தன் ஒன்பது நாள் குழந்தையைக் கொண்டுவந்தபோது ஒருவரும் நேரசூசியைப் பார்க்கவில்லை, மாஸ்ரர் தானாக எழும்பினார். குழந்தையை ஒரு பழைய சேலையில் கிடத்தி, நாலு நாள், வெயிலுக்குள் வைத்தார்கள். அந்த நாலு நாளும் தில்லைநாதன் அரம் பிடிக்கவில்லை, ரெஜிபோம் தூள் பறக்கும் என்று சும்மா இருந்து, குழந்தையின் மேல் இலையான் இருக்காமல் மட்டை விசிறினார்.

காஸ் கொம்பனியில் இருந்து ஒருவன் வந்தான், வீட்டுக் காஸ் செலவு இவ்வளவு குறைந்ததில் ஏதோ பிழை என்று. கருவியை நீட்டிப் பார்த்தான், தொப்பியைக் கழற்றினான், வடகம் ஒன்றை எடுத்துக் கடித்தான், பிழை ஒன்றும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த கிழமை மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டியோடு வந்தான். எல்லாரும் குசினி வழியாகத்தான் வரவேண்டும், சப்பாத்தை வாசலில் கழற்ற வேண்டும். பத்தொன்பது வருஷத்தில் அந்த வீட்டு வாசலில் அத்தனை சப்பாத்து கிடந்ததில்லை. கொஞ்சநாள் போக எல்லாருக்கும் அந்தச் சில்லுச் சத்தம் கேட்கத் தொடங்கியது. கேட்டதாக ஒருவரும் காட்டிக்கொள்ளவில்லை. சத்தம் கொஞ்சம் கூடினால் பராசக்தி உரக்க எதையாவது கதைப்பாள், மிஸிஸ் லாவ் இருமுவாள். பெரிய கதவின் அடியில் போர்வை விலகின ஓர் இடத்தால் சூடு கசிந்து, வெளியே ஸ்னோவுக்கு நடுவில் கையகலம் புல் முளைத்து ஒரு மஞ்சள் பூவும் பூத்திருந்தது. அதைக் கண்ட தெருவாருக்கு, கதவு திறந்தால் பின்னேரம் முழுக்க அந்த வழியால் போய்விடும் என்று ஒருவரும் சொல்லாமலே விளங்கியது.

எல்லாரும் வந்தார்கள், வரவேண்டிய ஒருத்தியைத் தவிர. அவர்களுடைய மகன் கல்கரியில் இருந்து அப்பாவுக்கு ஒருக்கா, அம்மாவுக்கு ஒருக்கா என்று தனித்தனியாகப் போன் எடுத்துக் களைத்துப்போனான். "அவ எடுக்கட்டும்" என்று இவர். "அவர் கூப்பிடட்டும்" என்று அவள். மொன்றியலுக்கு நாளுக்கு இரண்டு தரம் கதைக்கிறவள் பராசக்திதான்.

ஜனவரி நடுவில் ஒரு நாள் மிளகாயைப் புரட்டிக்கொண்டே அவள் சொன்னாள்: "அண்ணை, அக்காவின்ர லீவு பெப்ரவரி பத்தாந் திகதியோட முடியுது. வேலையை விடுறன் எண்டு கடிதம் எழுதிக் கைப்பைக்குள்ள வச்சிருக்கிறாவாம். அங்க ஒரு பேக்கரியில வரச்சொல்லியிருக்கினமாம்."

தில்லைநாதன் தாமரை இதழுக்கு மை பூசிக்கொண்டிருந்தார். தூரிகை நின்றது.

"இப்பத்தானே போனவ" என்றார்.

"ஆர்?"

"நகுலா. இப்பத்தானே..." என்று பெரிய கதவைக் காட்டினார்.

பராசக்தி வாயாடிதான், ஆனால் கல்நெஞ்சுக்காரி இல்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "அண்ணை, உங்கட கராஜில மூண்டரை மணி. வெளியில அஞ்சு மாசம்" என்று சொல்லிவிட்டு, மிளகாயைப் பாதியில் விட்டுப் போனாள்.

இதுக்கு நடுவில் அந்த மனுசன் தன் தொழிலில் ஒரு நாளும் செய்யாத மடைத்தனம் ஒன்றைச் செய்திருந்தார். கருணைராஜா என்பவரின் மகளுக்கு பெப்ரவரி முதல் ஞாயிறு கலியாணம், குளிரில் நடக்கிற கலியாணம் என்று விதானத்தைப் புதுசாகக் கேட்டிருந்தார்கள். வழமையில் விதானத்தை எட்டுத் துண்டாகச் செய்து மண்டபத்தில் வைத்துத்தான் பூட்டுவார். குளிரில் பெரிய துண்டு ஒட்டாது, அதனால் அப்படிப் பழக்கம். இந்த முறை வெயில். வைத்த பசை வைத்த இடத்தில் பிடித்தது, பூசின மை பூசின கையோடு காய்ந்தது. அந்தச் சந்தோசத்தில், ஆயிரம் இதழோடு, எட்டடி அகலத்துக்கு, ஒரே தாமரையாக, மூட்டு ஒன்றும் இல்லாமல் விதானத்தைச் செய்து முடித்துவிட்டார். மகாதேவா மாஸ்ரர்தான் பேப்பருக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கேட்டார்: "உதை எப்படித் தம்பி வெளியில கொண்டுபோகப் போறீர்?"

சின்னக் கதவு இரண்டரை அடி. கராஜுக்குள் இருந்த அவ்வளவு பேரும் விதானத்தைப் பார்த்தார்கள், சின்னக் கதவைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரும் பார்க்காத பெரிய கதவைப் பார்த்தார்கள்.

கலியாணத்துக்கு முதல் நாள் காலை வரைக்கும் தில்லைநாதன் கதவைத் திறக்கவில்லை. மரம் அரிகிற வாளை எடுத்து விதானத்தை இரண்டாக அறுக்கப் பார்த்தார், பல் வைத்த இடத்தில் கை ஓடவில்லை. "அறுத்துப்போட்டு ஒட்டலாம்தானே" என்று பராசக்தி சொன்னாள். "ஒட்டலாம்" என்றார், அறுக்கவில்லை. பத்து மணிக்குக் கருணைராஜா லொறியும் நாலு தடியன்களுமாக வந்து வெளியே நின்றார். பெட்டைக்கு விடிந்தால் தாலி. தெருச்சனம் முழுக்க, மிளகாய்ச் சுளகு, காயாத உடுப்பு, மடக்குக் கதிரை எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு, கராஜின் சுவரோரமாக வரிசையில் நின்றது. மூலைவீட்டுக் குழந்தை தாயின் தோளில் நித்திரை. ஒருவரும் திற என்று சொல்லவில்லை, திறக்காதே என்றும் சொல்லவில்லை.

"மாஸ்ரர்," என்றார் தில்லைநாதன், "துறந்தா அவ போயிடுவா."

"அவ போயிட்டா, தம்பி" என்றார் மாஸ்ரர், மெதுவாக.

தில்லைநாதன் பெனியனால் முகத்தைத் துடைத்தார். பொத்தானை அமுக்கினார்.

கதவு நிலத்தை விட்டு எழும்பின உடனே பின்னேரம் அந்த இடைவெளியால் ஓடத் தொடங்கியது. பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளைப் போல், ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வெயிலும் சூடும் வெளியே போயின. வாசலில் கிடந்த ஸ்னோ முழுக்க உருகாமல், சூட்கேஸ் சில்லின் இரண்டு கோடு மட்டும் உருகி, வாசலால் இறங்கி, தெருவில் திரும்பி, பஸ் தரிப்பு வரைக்கும் கறுப்பாகத் தார் தெரிந்தது. அந்தக் கோட்டின் இரு பக்கமும் மேப்பிள் மரங்கள் ஒரு நிமிஷம் தளிர்த்து, யோசித்துவிட்டு, மூடிக்கொண்டன. இலையானும் போனது. கீச்சு, கீச்சு என்ற சத்தம் வாசலைத் தாண்டியது. தெருவில் போனது. முதல்தரமாகத் தூரப்போனது.

அப்போதுதான் தில்லைநாதன் ஓடினார். வெறுங்காலோடு, சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கழித்தல் பதினெட்டுப் பாகைக் குளிரில், சனம் பார்க்க, கருணைராஜா பார்க்க, லொறிக்காரர் பார்க்க, அந்த ஈரக் கோட்டின் மேல் ஓடினார். முப்பத்தொரு வருஷத்தில் அவர் மனைவியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, எல்லாம் 'இஞ்சாரும்'தான். தெரு முனையில் நின்று, சாத்திரம், ரோசம், ஊர் உலகம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, போகிறவளின் பின்னால் நின்று கூப்பிட்டார்.

"நகுலா! எடி நகுலேஸ்வரீ! போகாதையும்!"

பின்னேரம் அந்தக் குரலையும் எடுத்துக்கொண்டு கிழக்கே போனது. தெரு இருண்ட பகலாகிக் குளிர்ந்தது. பராசக்தி அவருடைய சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடிவந்தாள்.

விதானம் போனது. கலியாணம் நடந்தது, தாமரையைப் பார்த்துச் சனம் வாய் பிளந்தது. தில்லைநாதன் போகவில்லை. காய்ச்சலோடு இரண்டு நாள் கராஜுக்குள் நின்று, அன்னம், மயில், தூண், பசை வாளி, எல்லாவற்றையும் நிலவறைக்கு இறக்கினார். யானைகள் மட்டும் படியால் இறங்கவில்லை. அவற்றை இழுத்துக்கொண்டுபோய் வீட்டு முன்றலில், ஸ்னோவுக்குள், காரைத் தெருவோரம் தள்ளிவிட்டு, அது நின்ற இடத்தில் நிறுத்தினார். கராஜைக் கூட்டித் துடைத்தார். வெறுங்கராஜ், மூச்சு விட்டால் புகை தெரிகிற குளிர், நடுவில் ஒரு காருக்கு இடம். தேத்தண்ணி மட்டும் ஐஸ்பெட்டி மூடியில் ஆறிப்போய் இருந்தது. அதை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

மொன்றியல் ஐந்நூறு கிலோமீற்றர். அந்தப் பின்னேரம் நடந்துதான் போயிருக்க வேண்டும், நாலு நாள் எடுத்தது. புதன்கிழமை, சாரதா வீட்டுக் குசினியில் நகுலேஸ்வரி வெங்காயம் உரித்துக்கொண்டு நிற்கும்போது முதுகில் வெயில் பட்டது. யன்னலுக்கு வெளியே புயல்ஸ்னோ. வெயிலுக்குள் ரெஜிபோம் மணமும் தோய்த்த துவாய் மணமும், அதுக்குள் ஒரு குரலும் வந்தது. அவள் திரும்பினாள். "ஆரக்கா?" என்று தங்கச்சி கேட்டாள். "என்னைப் பின்னால கூப்பிட்டிட்டார், மனுசன். இனிப் போற காரியம் சரிவராது" என்று சொல்லிவிட்டு நகுலேஸ்வரி கையைக் கழுவினாள்.

வியாழக்கிழமை மத்தியானம் தில்லைநாதன் கராஜைக் கூட்டிவிட்டுத் தும்புத்தடியோடு நிற்கும்போது அந்தச் சத்தம் கேட்டது. கீச்சு, கீச்சு. அவர் முதலில் நிமிரவில்லை. இவ்வளவு மாதமாகக் கேட்ட சத்தம்தானே. பிறகுதான், இந்த முறை அது கிட்ட வருகிறது என்று விளங்கியது.

அவள் வாசலில் சூட்கேஸோடு நின்றாள். இரண்டு யானைகளைப் பார்த்தாள். முதுகில் ஒரு சாண் ஸ்னோ, தூக்கின தும்பிக்கையில் ஐஸ் ஊசிகள், கண்ணுக்கு மேலே வெள்ளைப் புருவம். அவற்றுக்கு அந்தப் பக்கம் காலியான கராஜையும் தும்புத்தடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற கணவரையும் பார்த்தாள்.

"உதென்ன கோலம்?"

"கார் விட இடம் கேட்டனீர்தானே."

"அதுக்கு இதுகளைப் பனிக்குள்ள விடுறதே? மூத்தவனுக்குக் காது வெடிச்சுப்போய்க் கிடக்கு, பாருங்கோ. பாவமப்பா!" சூட்கேஸை விட்டுவிட்டு அவள் கையுறையால் யானையின் முதுகில் ஸ்னோவைத் தட்டத் தொடங்கினாள். தட்டிக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே ஏசினாள். "கூப்பிட ஆறு மாசமே? ஒரு சொல்லுக்கு ஆறு மாசமே மனுசனுக்கு?"

"பின்னால கூப்பிடக் கூடாதெண்டு..."

"உங்கட சாத்திரத்தில நெருப்பு விழ!"

அவர் மற்ற யானையைத் தட்டினார். பராசக்தி வீட்டு யன்னல் சீலை ஆடியது, ஆனால் புண்ணியவதி வெளியே வரவில்லை. கராஜுக்குள் வந்தபோது நகுலேஸ்வரி ஐஸ்பெட்டி மூடியில் கோப்பையைக் கண்டாள்.

"இது அண்டைக்குப் போட்ட தேத்தண்ணியெல்லே? குடிக்கேல்லையே?"

"குடிச்சா முடிஞ்சிடும் எண்டு வச்சிருந்தனான்."

அவள் ஒரு மிடறு குடித்துப் பார்த்தாள். முகம் சுளித்தாள், பிறகு சிரித்தாள். "இதுக்குச் சீனி போடேல்லை. கோவத்தில வேணுமெண்டுதான் போடாமத் தந்தனான்."

"ஆறு மாசமா இதை நான் காவல் காத்திருக்கிறன்" என்றார் தில்லைநாதன். இரண்டு பேரும் கராஜின் நடுவில், கார் நிற்கிற இடத்தில், நின்று சிரித்தார்கள். மிச்சத்தை அவர் வாங்கிக் குடித்து முடித்தார், பச்சைத்தண்ணியாக, கசப்பாக.

இப்போது கராஜில் வெயில் இல்லை. உடுப்பு மெஷினின் சூட்டுக் குழாய் திரும்ப வந்துவிட்டது, கதவின் அடியில் போர்வை வந்துவிட்டது, விதானம் பழையபடி எட்டுத் துண்டு. யானைகளுக்கு அவர் மேல் வளையில் கயிறும் கப்பியும் போட்டார். பின்னேரமானால் மூத்தவனும் இளையவனும் மேலே ஏறிவிடுவார்கள், அவர்களுக்குக் கீழே கார் வந்து நிற்கும். சனிக்கிழமைகளில் தெருச்சனம் பழக்க தோசத்தில் இன்னும் வருகிறது, ஜக்கெற்றைக் கழற்றாமலே இருந்து கதைத்துவிட்டுப் போகிறது. மாஸ்ரரின் முழங்கால் பழையபடி மடங்கவில்லை, ஆனாலும் வருகிறார்.

லீவு முடிந்து நகுலேஸ்வரி வேலைக்குப் போன முதல் நாள், காலை ஐந்தேகாலுக்குத் தில்லைநாதன்தான் கதவைத் திறந்துவிட்டார். கண்ணாடியில் ஒரு துளி ஐஸ் இல்லை. அவள் காரைப் பின்பக்கமாக எடுத்து, "போட்டு வாறன்" என்று சொல்லி, தெருவில் திருப்பினாள். கார் நாலு வீடு தாண்டியிருக்காது.

"நகுலா!"

பிரேக் விளக்கு சிவந்தது. கார் முழுத் தூரமும் பின்னுக்கு வந்து வாசலில் நின்றது. கண்ணாடி இறங்கியது.

"என்னப்பா? எதையும் விட்டிட்டனே?"

"ஒண்டுமில்லை" என்றார் அவர், சாரத்தை இழுத்துக் கட்டிக்கொண்டு. "சும்மா கூப்பிட்டுப் பாத்தனான்."

"விசர் மனுசன்" என்றாள் அவள். காரை உடனே எடுக்கவில்லை. அன்றைக்கு அவள் வேலைக்கு ஏழு நிமிஷம் பிந்தித்தான் போய்ச் சேர்ந்தாள்.